ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

நொச்சிக்குப்பத்தில் அண்ணி வீட்டுக்குப் போனால் இன்றும் அதே எவர்சில்வர் செம்பில்தான் தண்ணீர் தருகிறாள். அண்ணன் மாத்திரை விழுங்கிய செம்பு. ஞாயிறுதோறும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் என் எதிரில் சம்மணமிட்டு உட்காருவார். மாத்திரையைப் போட்டு, செம்புத் தண்ணீர் முழுவதையும் மடமடவென்று குடித்துவிட்டு, குழந்தைபோல நாக்கை நீட்டிக் காட்டுவார். "பாத்துக்கினியா பாப்பா? உள்ள பூட்ச்சு." நான் சிரித்துக்கொண்டே அடையாறுக்கு பஸ் ஏறுவேன்.

அவருக்கு வந்தது இரத்தப் புற்றுநோய். கல்லூரியில் உயிரியல் நடத்துகிறவள் என்பதால் விளக்கிச் சொல்லும் வேலை எனக்கு. உடம்பில் பழுதான செல் தன்னைத்தானே கலைத்துக்கொண்டு செத்துப்போக வேண்டும். இவர் இரத்தத்திலோ கோளாறான ஒரு புரதம், சாகாதே, பெருகிக்கொண்டே இரு என்று அந்தச் செல்களை ஓயாமல் ஏவிக்கொண்டிருந்தது. மாத்திரை அந்தப் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஏவல் நின்றதும் நோய்ச் செல் தானாகச் சாகும். ஆனால் தினமும் போடவேண்டும், விட்டால் மிச்சமிருப்பவை மறுபடி கிளம்பும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். "அதான் நீ கீறியே, பாத்துக்க மாட்டியா?" என்றார். அண்ணன் கடலுக்கே போகாத மீன்பிடித் தடைக்காலம் முடிந்தபோது எடுத்த பரிசோதனை நன்றாகவே வந்தது. நான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன்.

மறு வருஷம் ஆஸ்பத்திரியில் சுருண்டு கிடந்தார். மாத்திரையைத் தினமும் சாப்பிட்டாரா என்று டாக்டர் கேட்டபோது, என் கண்ணால் பார்த்தேன் என்று அடித்துச் சொன்னேன். அண்ணி தரையைப் பார்த்தாள். வராந்தாவுக்கு வந்ததும் சொன்னாள்: "கடலுக்குப் போற நாள்ல போடமாட்டாரு. போட்டா விரலு இஸ்துக்கும், வலை புடிக்க முடியாது. நீ வர்றன்னிக்கு மட்டும் போடுவாரு. உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு."

அம்மாவுக்கும் தெரியுமாம். கூடப் படகில் போகிறவர்களுக்கும் தெரியுமாம். தெரியாதவள் நான் ஒருத்திதான். வேறு மாத்திரை இருந்தது, அளவையாவது மாற்றிப் பார்த்திருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டாக்டரிடம் நானே சண்டை போட்டிருப்பேன். அந்த மழைக்காலம் முடியுமுன் அண்ணன் போய்விட்டார். அழுதேன், ஆனால் அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். நாக்கை நீட்டிக் காட்டி ஏமாற்றினாரே என்ற கோபம் இன்னும் ஆறவில்லை.

போன ஞாயிறும் அண்ணி செம்பை நீட்டினாள். "நீ சந்தோசமா வூட்டுக்குப் போணும்னுதாம்மா அப்டி பண்ணாரு."

நல்ல வெயில், தொண்டை வறண்டிருந்தது. செம்பை வாங்கி ஜன்னலோரம் வைத்தேன். தெருமுனைக் கடையில் பாட்டில் வாங்கித்தான் தண்ணீர் குடித்தேன்.