துலுக்காணம் கட்டிய பிரேக்

லாரி நின்று புழுதி அடங்குவதற்குள் துலுக்காணம் அதன் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திவிடுகிறார். கையில் ஸ்பேனர் இல்லை, ஜாக்கி இல்லை, மூக்கு மட்டும்தான். பிரேக் டிரம்முக்கு ஒரு சாண் தூரத்தில் அதைக் கொண்டுபோய், கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சு இழுக்கிறார். "கருகின வாசனைதான். கியர்ல இறங்காம பிரேக்க மிதிச்சிக்கினே வந்துகிறே. தடாவுல இருந்தா, இல்ல நாயுடுபேட்டையில இருந்தேவா நைனா?" டிரைவர் தலையைச் சொறிகிறார். நாயுடுபேட்டையாகத்தான் இருக்கும்.

காரனோடைப் பாலத்தைத் தாண்டியதும் ஜி.என்.டி. ரோட்டின் ஓரமாக இருக்கிறது அவருடைய கீற்றுக் கொட்டகை. போர்டு கிடையாது. தேய்ந்துபோன பிரேக் ஷூக்களைச் சங்கிலியில் கோத்து வாசலில் தொங்கவிட்டிருக்கிறார். நெல்லூர் அரிசி லாரிகளுக்கும் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லாரிகளுக்கும் அந்தச் சங்கிலியே விலாசம். துலுக்காணத்துக்கு நாற்பது வயது, காக்கி நிஜார், நிஜாரை மீறிக்கொண்டு நிற்கும் தொப்பை. தலையில் எந்நேரமும் லைனிங் தூள் படிந்திருப்பதால் எது நரை, எது தூள் என்று அவர் மனைவி எல்லம்மாவுக்கே தெரியாது. பிரேக் ஷூவின் மேல் போடும் பிடிமானப் பட்டையான லைனிங்கை அளந்து வெட்டுவது அவர். ரிவிட் அடிப்பது எல்லம்மா. அடி தப்பினால் விரல் போய்விடும் வேலை அது. எல்லம்மாவுக்குப் பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன.

தன்னடக்கம் என்பது துலுக்காணத்துக்குச் சுத்தமாகக் கிடையாது. என் ஸ்கூட்டரின் பிரேக்கைப் பார்க்க முதல்முறை போனபோதே, "சிம்ஸன் கம்பெனியில கேளு, செங்குன்றத்துல கேளு, நம்ம பேரத்தான் சொல்லுவான்" என்று ஆரம்பித்துவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். பழவேற்காட்டுக் குப்பத்தில் பிறந்தவர். கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் ஏரியில் வலை வீசுகிறார்கள். கல்யாணம், காட்சி என்று ஊருக்குப் போனால், "நம்ம ஓடத்துக்கும் ஒரு பிரேக்கு கட்டிக்குடேன்" என்று உறவுக்காரர்கள் காலை வாருவார்கள். இவரா அசருவார்? "தண்ணியில நிறுத்தறது இன்னாடா பெரிசு? தொடுப்ப வுட்டா தானா நிக்குது. எட்டு டன்னு அரிசிய நிறுத்திக் காட்டு பாப்போம்!"

அவருக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. புது லைனிங் கட்டிய வண்டியில் முதல் ஓட்டத்துக்கு அவரும் ஏறுவார். தச்சூர் கூட்டுரோடு வரை போய்த் திரும்பிய பிறகுதான் வண்டி அவர் கையை விட்டுப் போகும். அதற்கு முன்னால், டிரைவர் பக்கத்து முன்சக்கர டிரம்மில் ஒரு குங்குமப் பொட்டு. தண்ணீரில் குழைத்தால் உதிர்ந்துவிடுமாம். ஆகவே நல்லெண்ணெயில் குழைத்துக் கட்டைவிரலால் தாராளமாக அப்புவார். "நம்ம பொட்டு நெல்லூரு போயும் நெத்தியில நிக்கும்" என்பார்.

எழுபத்திரண்டு பிப்ரவரியில், சோழவரம் பந்தயத்துக்கு முந்தின நாள் காலை, அந்தக் கொட்டகை வாசலில் கூரையில்லாத ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் பாக்கியநாதன், சென்னைக்காரர், எந்திரம் தெரிந்தவர். லாரியின் டிரம்முக்குள்ளே ஷூ விரிந்து பிடிக்கிறதல்லவா? இந்தக் காரின் முன்சக்கரங்களில் டிரம்மே இல்லை. பளபளவென்று ஓர் இரும்புத் தட்டு, அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்க இரண்டு கட்டைகள். பேட் என்று அவற்றுக்குப் பெயர். பயிற்சி ஓட்டத்திலேயே பேட் தேய்ந்து, அதன் முதுகில் இருக்கும் தகடு தட்டைக் கீற ஆரம்பித்திருந்தது.

"இந்த ஊர்ல எங்கேயும் கிடைக்காதுங்க. இங்கிலாந்திலேருந்து வரணும். நாளைக்கு ரேஸ்" என்றார் பாக்கியநாதன்.

சோழவரத்துப் பந்தயப் பாதை என்பது யுத்த காலத்து விமான ஓடுபாதை. நேராக நீண்டு கிடக்கும் அந்தப் பாதையின் கோடியில் சட்டென்று ஒரு வளைவு. நூறு மைல் வேகத்தில் பறந்து வரும் கார் அங்கே முப்பதுக்கு இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் வைக்கோல் கட்டு, அதற்குப் பின்னால் முள்வேலி, அதற்கும் பின்னால் ஜனங்கள். ஒரு மனிதனின் உயிர் அந்தக் கட்டைகளில் இருந்தது.

துலுக்காணம் தேய்ந்த பேடை மோந்து பார்த்தார். பிறகு பக்கத்து டீக்கடைக்குக் கேட்கும்படி அறிவித்தார்: "திருப்பதி மலை இறங்குற பஸ்ஸுக்குப் போடுற லைனிங் நம்ம கையில கீது. எவ்ளோ சூடு ஏறினாலும் வழுக்காது. அத்த வெட்டி இதுல கட்டறேன். நாளைக்கு இந்த வண்டி நிக்கலன்னா அப்பால நான் சுத்தியலத் தொட மாட்டேன்!" டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் எல்லாரும் கிளாஸோடு எழுந்து வந்துவிட்டார்கள்.

பழைய பேடைச் சுரண்டித் தகட்டை வெளியே எடுத்தார். துளை போட்டார். மலை லைனிங்கை வெட்டி, வளைவு போகத் தேய்த்து மட்டமாக்கினார். எல்லம்மா செப்பு ரிவிட்டுகளை உள்ளடங்க அடித்தாள். பாக்கியநாதனும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கூடவே உட்கார்ந்து அளவு பார்த்தார். நண்பகலுக்குள் பேட்டுகள் ஏறிவிட்டன. சக்கரத்துக் கம்பிகளின் நடுவே அந்தத் தட்டு கண்ணாடியாக மின்னியது. அவ்வளவு அழகான நெற்றியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? துலுக்காணம் கட்டைவிரலால் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். பயிற்சிக்கு நேரமாகிவிட்டதால் தச்சூர் ஓட்டத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அன்று பிற்பகல் அந்த வளைவுக்கு வந்த கார், பாக்கியநாதன் பிரேக்கை மிதித்ததும் இடதுபுறமாக இழுத்துக்கொண்டு, பம்பரமாகச் சுற்றி, வைக்கோல் கட்டுக்குள் போய் விழுந்தது. நல்லவேளை, முழு வேகத்தில் வரவில்லை. முழங்கை சிராய்ப்போடு அவர் எழுந்து வந்தார். பார்க்க வந்திருந்த லாரி டிரைவர்களும் நானும் காரை வைக்கோலிலிருந்து தள்ளி வெளியே கொண்டுவந்தோம். துலுக்காணத்தின் முகத்தில் ரத்தமே இல்லை.

"பேடு பிடிச்சிகிது. உங்க கால்தான் கோணையா மிதிச்சிகிது" என்று முதலில் சொல்லிப் பார்த்தார். சொல்லிக்கொண்டே வலது சக்கரத்தருகில் குந்தி மோந்தார். மறுபடியும் மோந்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நல்லெண்ணெய்.

லாரியில் பொட்டு டிரம்முக்கு வெளியே இருக்கும், பிடிமானம் உள்ளே நடக்கும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. இங்கேயோ பேட் கவ்வுவதே அந்த வெளி முகத்தைத்தான். எண்ணெய் குடித்த வலது சக்கரம் வழுக்க, இடது சக்கரம் மட்டும் பிடித்திருக்கிறது. எல்லம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பொட்டு வெக்க உனுக்கு வேற எடமே கெடைக்கலியாய்யா?"

எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அதற்குப் பிறகுதான். எழுந்து நின்று, பெருமை அடிக்கும் அதே தொண்டையில், டிரைவர்கள் அத்தனை பேரும் கேட்கச் சொன்னார்: "தப்பு எம்மேலதான்! பிரேக்குத் தட்டுக்கு எண்ணெ வெச்சவன் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான்!" அதையும் ஏதோ பட்டம் வாங்கிய மாதிரிதான் சொன்னார்.

பாக்கியநாதன் கோபப்படவில்லை. "பரவாயில்லைங்க. நான் நாளைக்கு ஓட்டலை" என்றார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

"இன்னொரு தபா கட்டறேன் சார். காலையில நான் பக்கத்துல குந்திக்கினு வரேன். நிக்கலன்னா ரெண்டு பேருக்கும்தான்." குரல் முதல்முறையாக இறங்கியிருந்தது. பாக்கியநாதன் மறுபடியும் சட்டையைக் கழற்றினார்.

மலை லைனிங் இன்னும் ஒரு துண்டு மீதி இருந்தது. தட்டுகளைப் பெட்ரோலால் துடைத்துத் துடைத்து, புதுக் கட்டைகளை ஏற்றினார்கள். குங்குமச் சிமிழை எல்லம்மா இடுப்பில் செருகிக்கொண்டாள், யாருக்கும் கொடுக்கவில்லை. ஞாயிறு விடிந்ததும் துலுக்காணம் அந்தக் குட்டிக் காருக்குள் தொப்பையை மடக்கி உட்கார்ந்தார். தச்சூர் வரைக்கும் அவர் சொல்லச் சொல்ல பாக்கியநாதன் மிதித்தார். "மொதல்ல தடவு. ஆறட்டும். இப்போ அமுத்து. ஆறட்டும். இப்ப மிதி!" திரும்பி வந்து நின்றதும், "நின்னப்புறம் பெடல்ல காலை வைக்கக் கூடாதுங்க, சூட்டுல பேட் தட்டோட ஒட்டிக்கும்" என்று பாக்கியநாதன் சொல்ல, "அப்படியா? அத்த நான் கத்துக்கினேன்" என்றார் இவர். இறங்கி இரண்டு சக்கரத்தையும் மோந்தார். "இப்ப போவலாம் நைனா."

பந்தயத்தில் எல்லாரும் முடிவுக்கோட்டுப் பக்கம் முண்டியடிக்க, துலுக்காணம் அந்த வளைவில் முள்வேலியை ஒட்டிச் செருப்பில்லாமல் நின்றார். எல்லம்மாவும் நானும் பின்னால். சிவப்புக் கார் வரும்போதெல்லாம் அவருடைய வலது கால், பிரேக்கை மிதிப்பது போல, தானாகவே மண்ணை மிதித்தது. கார் நிதானித்துத் திரும்பும்வரை எடுக்கமாட்டார். சுற்றுக்குச் சுற்று மண்ணில் ஒரு குழி விழுந்துகொண்டே போயிற்று.

கடைசிச் சுற்று. ஒரு நீலக் கார் முன்னால், சிவப்புக் கார் அதன் வாலில். வளைவு வருவதற்கு வெகு முன்னமேயே பிரேக் பிடித்து நீலக் காரின் மூக்கு தாழ்ந்தது. சிவப்புக் காரின் மூக்கு தாழவில்லை. அது நீலத்தைத் தாண்டி நேராக எங்களை நோக்கி வந்தது. ஜனங்கள் வேலியை விட்டுப் பின்னால் ஓடினார்கள். "மிதிக்கச் சொல்லுய்யா!" என்று எல்லம்மா அலறினாள்.

துலுக்காணம் தம் வலது காலைக் குழியிலிருந்து எடுத்தார். மெதுவாக மடக்கி, பாதத்தை இடது முழங்காலில் ஊன்றி, இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டார்.

அப்போதுதான் சிவப்புக் காரின் முன்மூக்கு தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்து, கோணாமல், இழுக்காமல், கார் வேகத்தை விழுங்கிவிட்டு வளைவில் திரும்பியது. பின்னால் வந்த நீலக் காரால் எட்டவே முடியவில்லை. முடிவுக்கோட்டில் கொடி இறங்கியது. டிரைவர்கள் துண்டை வீசிக் கத்திக்கொண்டு பாக்கியநாதனைத் தூக்க ஓடினார்கள். எனக்கும் தொண்டை கட்டுகிறவரை கத்தத் தோன்றியது, கத்தினேன்.

"காலைக் கீழ வையேன்யா, ரேசு முடிஞ்சிபோச்சி" என்றாள் எல்லம்மா, அழுதுகொண்டே.

துலுக்காணம் வைக்கவில்லை. ஓடுகிற ஜனங்களுக்கு நடுவே, கட்டிய கையை அவிழ்க்காமல், ஒற்றைக் காலிலேயே நின்றார்.