சண்முகத்தாய் சுத்தாத ஆரத்தி

சண்முகத்தாய்க்கு நாப்பத்தாறு வயசு. சரவெடி பின்னுற வேலை. காலைல ஏழு மணிக்கு சாத்தூர் ரோட்டு முக்குல கம்பெனி வேன் ஏறுவா, சாயங்காலம் அஞ்சரைக்கு எறங்குவா. மேடை ஏறினவ இல்ல. இருவது வருஷம் நான் பட்டாசுத் தொழிலாளர் சங்கத்துக்கு ஆள் சேத்தேன். நோட்டீசை நீட்டினாலே "பெறவு பாப்போம்ணே"ன்னு நழுவிருவா. அவளப் பத்தித்தான் எழுதுறேன். காரணம் இருக்கு.

அவளுக்கு ஒரே அக்கா, குருவம்மாள். மூணு வருஷத்துக்கு முன்னால பட்டாசுக் கம்பெனியில வெடிமருந்து ரூம்பு வெடிச்சதுல செத்தா. நாலு பேரு இருக்க வேண்டிய ரூம்புல பதினோரு பேர உக்கார வச்சிருந்தாக. தீபாவளி சீசன், ஆர்டர் அவசரம்.

அந்த வாரமே ஒரு மடத்துச் சாமியாரு மைக்கப் புடிச்சு, "வெடியில போனவர்கள் போன பிறவிப் பாவத்தைத் தீர்த்துவிட்டார்கள், அழக் கூடாது"ன்னு பேசினாரு. பேச்சு எல்லாரு செல்லுலயும் ஓடுச்சு. அதக் கேட்டதுலருந்து ஒரு வாரம் சண்முகத்தாய் ஒழுங்காச் சோறு திங்கல.

இப்ப ஊராட்சித் தலைவர் தேர்தல் வந்துச்சு. நின்னவரு பாண்டிச்செல்வம். நெலபுலம் உள்ள குடும்பம். சண்முகத்தாயோட அப்பன் அவுக பருத்திக் காட்டுலதான் கூலி வேலை பாத்தாரு. மனுசன் மோசம் இல்ல, ஆத்திர அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் காரு அனுப்புவாரு. ஆனா அந்த மடத்துக்கு ட்ரஸ்டி.

"சாமியாரு பேசினதப் பத்தி நான் அவருகிட்ட கேக்கப் போறேண்ணே"ன்னா சண்முகத்தாய்.

"சாமி விஷயத்த இழுக்காத. தண்ணியக் கேளு, ரோட்டக் கேளு"ன்னேன்.

"அவரு எந்தச் சாமியக் கும்பிட்டா எனக்கென்ன? கும்பிடட்டும். நாளைக்கு இன்னொரு ரூம்பு வெடிச்சா அதிகாரி முன்னால நிக்கப்போறது தலைவருதான? பதினோரு பேர ஏன் உக்கார வச்சன்னு கேப்பாரா, பாவம் தீந்துச்சுன்னு சும்மா நிப்பாரா? அது எனக்குத் தெரியணும்ல?"

இருவது வருஷம் நோட்டீஸ் எழுதுன மண்டைக்கு இது தோணல.

எங்க பக்கம் ஓட்டுக் கேட்டு வந்தா பொம்பளைக ஆரத்தித் தட்டோட வரிசையா நிப்பாக. மொதத் தட்டு சுத்தாம மத்தவுக சுத்த மாட்டாக. எங்க தெருவுல மொதத் தட்டு சண்முகத்தாய் தட்டு. கைராசிக்காரின்னு பேரு.

பாண்டிச்செல்வம் ஓட்டுக் கேட்டு வந்த அன்னைக்குக் கற்பூரத்தக் கொளுத்தினா. தட்டச் சுத்தல.

"ஐயா, எங்கக்கா பாவம் பண்ணித்தான் செத்தாளா?"

பாண்டிச்செல்வம் கும்பிட்ட கையோட நின்னாரு. "யாரு தாயி அப்படிச் சொன்னது?"

"ஒங்க மடத்துச் சாமியாரு."

கூட வந்த இருளாண்டி துள்ளினான். "ஏ, ஓட்டுக் கேக்க வந்த எடத்துல என்ன வெவகாரம்? சுத்துத்தா தட்ட!"

"ஒன்னையவா கேட்டா? நீ ஏன் வேகுத?"ன்னு பக்கத்துல நின்ன பொன்னுத்தங்கம் ஒரு போடு போட்டா. "கற்பூரம் அணையுறதுக்குள்ள அவரச் சொல்லச் சொல்லு."

பாண்டிச்செல்வம் பதறிப்போயி, "எனக்கும் அந்த மடத்துக்கும் சம்பந்தமே இல்ல தாயி"ன்னுட்டாரு.

நாட்டுக்கே காலண்டர் அச்சடிக்கிற சீமையில பொறந்தவரு சொல்லலாமா அத? தை மாசம் வீட்டுக்கு வீடு காலண்டர் குடுத்ததே அவருதான். அட்டையில மேல சாமியாரு, கால்மாட்டுல கும்பிட்டபடி இவரு, கீழ கொட்டை எழுத்துல இவரு பேரு.

தட்டப் பொன்னுத்தங்கத்துக்கிட்டக் குடுத்துட்டு, சண்முகத்தாய் உள்ள போயி காலண்டரக் கழட்டியாந்தா. தெருவே சிரிச்சிச்சு. கிட்டப் போயிப் பாத்தவுக சிரிப்ப நிறுத்திட்டாக. நல்ல நாள் பாக்கணும்ங்கிறதால அவ காலண்டரத் தூக்கி எறியல. சாமியாரு மூஞ்சி மேல குருவம்மாளோட சின்னப் போட்டோவ ஒட்டி வச்சிருந்தா.

"பாத்துக்கோங்க ஐயா. தையிலருந்து நீங்க எங்கக்காவத்தான் கும்பிட்டுக்கிட்டு இருக்கீக."

அவரு அந்த அட்டையவே பாத்தாரு. கற்பூரம் அணைஞ்சிருச்சு. கும்பிட்ட கைய எறக்கிட்டு வண்டியேறிப் போயிட்டாரு. ஒருத்தியும் தட்டத் தூக்கல.

ரெண்டு நாள் கழிச்சு எதிர்த்து நின்னவரு வந்தாரு. அவருக்கும் தட்டு சுத்தாம நின்னுச்சு. "நீங்க எந்த மடம்? அங்கன இப்படிப் பேசினா நீங்க என்ன செய்வீக?"ன்னு அவரையும் கேட்டாக. ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னு சண்முகத்தாய் வைக்கல.

மூணாம் நாள் சாயங்காலம் வேன் வந்து நிக்கிற நேரத்துக்கு பாண்டிச்செல்வம் ரோட்டு முக்குக்கு நடந்தே வந்தாரு. இருளாண்டியக் காணோம்.

"குருவம்மா பாவத்தால சாகல தாயி. நாலு பேரு ரூம்புல பதினோரு பேர அடைச்சதாலதான் செத்தா. சாமியாரு பேசுறப்ப நான் மேடையிலதான் இருந்தேன். வாயத் தொறக்கல. தப்புதான். நேத்து மடத்துக்குப் போயி அவரு மூஞ்சிக்கு நேரா இதச் சொல்லிட்டேன். ட்ரஸ்டியாவும் இனி நான் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

சண்முகத்தாய் முந்தானையால மொகத்தத் தொடச்சா. மூணு வருஷம் அவ காத்துக்கிட்டு இருந்த பேச்சு அது.

"ஓட்டு ஒங்களுக்குத்தான்னு சொல்லமாட்டேன், யோசிக்கணும்"ன்னா. "சாமியாரு மைக்குலதான பேசினாரு? நீங்களும் மைக்குல சொல்லுங்க. எங்க தெருவுக்கு மட்டும் இல்ல, அம்புட்டுத் தெருவுக்கும்."

"சொல்றேன்."

"நானும் கூட வாரேன்."

வேலைக்கூடைய பொன்னுத்தங்கத்துக்கிட்டக் குடுத்துட்டுக் கெளம்பிட்டா. பின்னாலயே நாலஞ்சு பொம்பளைக போனாக. நானும் போனேன். ஒவ்வொரு தெரு முக்குலயும் அவரு அத ஓட்டுக் கேக்குற வண்டி மைக்குல சொல்லி முடிக்கிற வரைக்கும் சண்முகத்தாய் கையக் கட்டிக்கிட்டு நின்னா. நடுத்தெரு முக்குல "குருவம்மா"ங்கிற பேர விட்டுட்டாரு.

"பேரச் சொல்லுங்க ஐயா"ன்னா.

மறுபடி மொதல்லருந்து சொன்னாரு.