மலை ரயிலுக்குக் காட்டிய கை

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலையேறும் நீராவி ரயிலை நேரில் பார்க்க வேண்டும் என்பது அண்ணனின் நெடுநாள் ஆசை. விமான டிக்கெட் எடுத்த பிறகு முட்டியில் அறுவை சிகிச்சை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் மலேசியாவிலேயே, பாலோ வீட்டில் தங்கிவிட, நானும் என் வீட்டுக்காரரும் கிளம்பினோம். அண்ணன் சும்மா அனுப்புவாரா? தன் வீடியோ கேமராவை என் கையில் திணித்து, எங்கள் ஊர் ‘லா’ போட்டுப் பாடம் எடுத்தார்.

“ஏறும்போது இன்ஜின் பின்னால இருந்து தள்ளும். பெட்டிங்கதான் முதல்ல வரும். அவசரப்படாத லா. இன்ஜின் தாண்டுற வரைக்கும் கை ஆடக் கூடாது.”

தலையாட்டினேன். போக முடியாத மனிதருக்கு வீடியோவையாவது ஒழுங்காகக் கொண்டுவந்து தர வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

குன்னூருக்குக் கீழே, தண்டவாளம் வளையும் இடத்தில் காலையிலேயே போய் நின்றோம். மறுநாள் ஊர் திரும்ப வேண்டும். இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை. தூறலுக்கு வீட்டுக்காரர் கேமராவுக்குக் குடை பிடித்தார். கீழே எங்கோ புகை எழுந்தது, கடகடவென்று சத்தம் நெருங்கியது. கேமராவின் பட்டனை அழுத்தினேன்.

முதல் பெட்டி வந்தது. ஜன்னல் முழுக்கப் பிள்ளைகள், எல்லாரும் கை ஆட்டிக்கொண்டு. அவ்வளவுதான். நானும் அண்ணனும் வளர்ந்தது மலேசியாவின் ரெங்கத்தில், ரயில் பாதையை ஒட்டிய தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில். ரயில் வந்தால் சோற்றுக் கையோடு ஓடிவந்து கை காட்டுகிற கூட்டம் நாங்கள். என் கை தானாக எழுந்துவிட்டது. அந்தக் கையில்தான் கேமரா இருந்தது. வீட்டுக்காரர் மட்டும் என்ன, பெக்கோக்கில் இதே மாதிரி தோட்டத்தில் வளர்ந்தவர்தானே. குடையையே ஆட்டினார். இன்ஜின் எங்களைத் தாண்டிப் போன பிறகுதான் செய்த காரியம் உறைத்தது.

பாலோ திரும்பியதும் அண்ணன் அந்த வீடியோவைப் பெரிய டிவியில் போட்டார். வானம், மரக்கிளை, குடையின் உட்புறம், என் செருப்பு. நடுவே ஒரு கணம் இன்ஜின். எல்லாவற்றுக்கும் மேலே நாங்கள் இருவரும் “டாட்டா, டாட்டா” என்று கத்துகிறோம். நான் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

“இன்ஜின்காரரு திருப்பிக் கை காட்டினாரா?” என்று அண்ணன் கேட்டார்.

“காட்டினாருண்ணே. விசில் வேற அடிச்சாரு, கேக்கலியா?”

“அடடா, அலமாக்,” என்று சிரித்தார். ரிமோட்டை எடுத்து மறுபடி முதலிலிருந்து போட்டார். விசில் வந்ததும், கட்டுப் போட்ட காலை நீட்டியபடியே, டிவியைப் பார்த்துக் கையைத் தூக்கி ஆட்டினார்.