அருமையாத்தான் எழுதுவார்

எங்கள் வலைப்பதிவுக் குழுவில் ஒருவர் பதிவை மற்றவர் முகநூலில் பகிர்வது வழக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் நான், அதே நகரத்துக் கொட்டாஞ்சேனை நண்பர் ஒருவரின் பதிவுகளைத் தவறாமல் பகிர்ந்து வந்தேன். ஒருநாள் அவர் என் பதிவைப் பகிர்ந்து, மேலே, "இவர் அருமையாத்தான் எழுதுவார்" என்று போட்டிருந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் மாதக்கணக்காக எழுதாமல் இருந்ததைக் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். அதற்குக் கீழே விழுந்த ஒவ்வொரு சிரிப்புக்குறியையும் சந்தேகத்தோடு பார்த்தேன். அவருடைய பதிவுகளைப் பகிர்வதையும் நிறுத்திவிட்டேன்.

அடுத்த குழுச் சந்திப்பில் தேநீரோடு அவரே பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"என்னோட பதிவு எதுவும் இப்ப உங்களுக்குப் பிடிக்கிறதில்லையா?"

"நான் அருமையாத்தான் எழுதுறனான் எண்டு நீங்கள்தானே போட்டனீங்கள்?"

"ஆமா, நல்லா எழுதுறீங்கன்னு சொன்னேன். அதுல என்ன தப்பு?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் யாழ்ப்பாண வீடுகளில் 'அருமையாத்தான் வருவார்' என்றால் எப்போதாவதுதான் வருவார் என்று அர்த்தம். அவர் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். அவர் வீட்டில் அருமை என்றால் பிரமாதம், அவ்வளவுதான்.

விளக்கியதும் சிரித்துவிட்டார். "அப்ப அதைத் திருத்திடவா?" என்று போனை எடுத்தார்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றேன். அவர் சொன்ன அர்த்தத்தில் நான் அருமையாக எழுதுகிறேனா என்று எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. நான் எடுத்துக்கொண்ட அர்த்தத்தில் எந்தச் சந்தேகமும் இல்லை.