மோட்டார் ஓடும் நேரம்

பத்துப் பேருடைய வேலையைப் பிரித்துக் கொடுத்து, யார் எதை எப்போது முடிக்க வேண்டும் என்று கட்டம் போட்டுத் துரத்துவதற்காக எனக்கு இன்று மாதச் சம்பளம் தருகிறார்கள். இந்த வியாதி எனக்கு எட்டாம் வகுப்பிலேயே வந்துவிட்டது. அப்போது சம்பளம் கிடையாது, அதிகாரம் மட்டும்தான். கையில் அதிகாரம் கிடைத்த பதின்மூன்று வயசுப் பெண்ணால் எவ்வளவு கெடுதல் செய்ய முடியும் என்பது எங்கள் மாமாவுக்குத் தெரியும். அவர் வாயைத் திறக்க மாட்டார் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

நாமகிரிப்பேட்டையை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. அம்மா பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அதே ஊர்தான் என்பதால், அம்மாவின் தம்பியான மாமாவின் காடு எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. மஞ்சளும் குச்சிக்கிழங்கும் போடுவார். வயசு முப்பத்து நான்கு, கல்யாணம் ஆகவில்லை. காட்டு வேலை பார்க்கிற மாப்பிள்ளைக்குப் பெண் கிடைப்பது எங்கள் பக்கத்தில் அப்போதே குதிரைக்கொம்பாகிவிட்டது. ஏழெட்டு வருஷமாக அலைந்த பிறகு அந்த வருஷம்தான் பக்கத்து ஊரிலிருந்து ஒரு வரன் கூடி வந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது. பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த மாமா இரண்டு நாள் மாடுகளைப் பார்த்துக்கூடச் சிரித்துக்கொண்டிருந்தார். தை பிறந்ததும் உறுதி செய்து கொள்வது என்று பேச்சு.

அது மார்கழி. பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைக்கப்போவதாகச் சொல்லி, அறிவியல் சார் எங்களை நான்கு நான்கு பேராகப் பிரித்தார். எங்கள் குழுவில் நான், பூபதி, ரஹ்மத், கோகிலா. யாரும் கேட்பதற்கு முன்னாலேயே நான் தலைவியாகிவிட்டேன். தலைப்பும் நானே வைத்தேன்: எங்கள் ஊர்த் தண்ணீர். ஊரில் இருக்கிற முப்பத்தியேழு போர்வெல்லுக்கும் போய், எத்தனை அடி, எத்தனையாவது அடியில் தண்ணீர், ஒரு நாளைக்கு மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று மூன்று கேள்வி கேட்டு எழுதுவது. சார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கட்டம் எதுவும் காலியாக இருக்கக் கூடாது.

அதற்கு நான் போட்ட திட்டத்தை இன்று பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. காட்டுக்குத் த்ரீபேஸ் கரண்டு ஒரு வாரம் பகலில் வரும், ஒரு வாரம் ராத்திரியில் வரும். பகல் கரண்டு வாரமாகப் பார்த்து சனி, ஞாயிறைக் குறித்தேன். சைக்கிள் வைத்திருந்த பூபதிக்குத் தூரத்துக் காடுகள். பக்கத்துக் காடுகளில் என்னோடு வந்து கேட்பது கோகிலா, குறித்துக்கொள்வது ரஹ்மத். ரஹ்மத்தின் அத்தா சந்தைப்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருந்தார். அவள் அதிகம் பேச மாட்டாள், ஆனால் அவள் எழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். அதனால் சார்ட்டு எழுதும் வேலையும் அவளுக்கே. இதற்கெல்லாம் மேலே நான் ஒரு சட்டம் போட்டேன். சொந்தக்காரர் வீட்டுப் போருக்கு அவரவர் போகக் கூடாது, வேறு ஆள்தான் போக வேண்டும். எவ்வளவு நேர்மை பாருங்கள். அப்படித்தான் மாமாவின் காடு, பக்கத்தில் இருந்தும், பூபதியின் பங்குக்குப் போனது.

சனிக்கிழமை சாயங்காலம் கணக்குப் பார்த்தபோது பூபதி தலையைச் சொறிந்தான்.

"உங்க மாமா நாலு மணி நேரம் ஓடுதுங்கறாரு. மஞ்சளப் பாத்தா அப்படித் தெரியலயே."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. எங்கள் மாமா பொய் சொல்வாரா? அவனுடைய கைக்கடிகாரத்தைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டேன். நாளைக்கு நானே நேரில் போய்ப் பார்க்கிறேன், நீயும் வந்து சாட்சிக்கு நில் என்றேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதை தெரிந்திருந்தும், அந்த ஆண்டி நான்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் போனபோது மாமா மஞ்சள் காட்டில் சருகு பொறுக்கிக்கொண்டிருந்தார். மோட்டாரைப் போடச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், பூபதியைப் பார்த்தார், என் மணிக்கட்டில் தொங்கிய பெரிய கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு போய்ச் சுவிட்சைத் தட்டினார். தண்ணீர் நன்றாகத்தான் விழுந்தது. நான் பூபதியை வெற்றியோடு திரும்பிப் பார்த்தேன். பன்னிரண்டாவது நிமிஷம் குழாய் இருமியது. காற்றும் சேறுமாக இரண்டு தடவை துப்பிவிட்டு நின்றுபோனது. பூபதி பாவம், வாய்க்கால் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவன் சிரித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

மாமா என்னை மட்டும் தொட்டிப் பக்கமாகக் கூட்டிப் போனார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"இந்த ஒரு போர மட்டும் உட்டுரு சாமி. மஞ்ச வெட்டுனதீம் மறு போர் போட்டுருவேன். அப்பறமா வந்து எழுதிக்கோ."

"கட்டம் காலியா இருக்கக் கூடாதுங்க மாமா. சார் சொல்லியிருக்காரு."

"அப்பச் சரி சாமி."

அவ்வளவுதான் பேச்சு. முப்பத்து நான்கு வயசு மனுஷர் ஒரு சிறுமியிடம் கேட்டு, அவள் முடியாது என்றதும் சரி என்று விட்டுவிட்டார். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா என் முதுகில் இரண்டு வைத்து அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பாள். அவர் சொல்லவில்லை. பூபதியிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்டார், அதுதான் வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் அவர்மேல் கொஞ்சம் கோபமும் இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகு வகுப்பறைத் தரையில் சார்ட்டை விரித்தோம். ரஹ்மத் முதல் வரிசையை எழுதப்போனவள் ஸ்கெட்ச் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பேரு போடாம ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டுக்கலாமா? தண்ணி இல்லாதவங்க பேர இத்தன பெருசா எழுதறது ஒரு மாதிரியா இருக்குது."

நால்வரில் யோசித்துப் பேசியவள் அவள் ஒருத்திதான். கோகிலாவும் தலையை ஆட்டினாள். நான் பூபதியைப் பார்த்தேன். இப்போது நம்பர் போட்டால், மாமாவைக் காப்பாற்றத்தான் போடுகிறேன் என்று அவன் நினைப்பானே என்பது ஒன்றுதான் எனக்குக் கவலை. பேர் போட்டால்தான் படிக்கிறவர்களுக்குப் புரியும் என்றேன். ரஹ்மத் இன்னொரு தடவை கேட்டாள். தலைவி யார் என்று கேட்டேன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. மாமாவின் பேரும் அதற்கு நேராகப் பன்னிரண்டு நிமிஷமும் அச்சுக் கோத்த எழுத்தில் ஏறின.

கண்காட்சி அன்று மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். எனக்கு ஆச்சரியம். என் ஆண்டு விழா நடனத்துக்கே வராதவர். எங்கள் மேஜைக்கு வந்து சார்ட்டை ஒட்டினாற்போல முதுகைக் காட்டி நின்றுகொண்டார். கேட்டவர்களிடம் எங்க அக்கா புள்ள செஞ்சது என்று சொன்னார். அரை மணி ஆகியும் நகரவில்லை. டீ குடிக்கப் போகச் சொன்னேன், வேண்டாம் என்றார். சரியாக அவர் நின்ற இடத்துக்குப் பின்னால்தான் கடைசி ஏழெட்டு வரிசைகள் இருந்தன.

அப்போது, ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் தாத்தா, கண்ணாடி போட்ட பெரியவர், எங்கள் மேஜைக்கு வந்தார். மாமா அவருக்குக் கும்பிடு போட்டார். பெரியவர் மேலிருந்து ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். கடைசி வரிசைகளைப் படிக்க முடியவில்லை. சார் வேறு எதிர் வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, மறைக்காதீங்க. கொஞ்சம் நவுந்து நில்லுங்க" என்றேன்.

மாமா நகர்ந்தார்.

பெரியவர் கடைசி வரைக்கும் படித்தார். ஒரு வரிசையில் விரல் நின்றது. நல்லாச் செஞ்சிருக்கறீங்க என்று எங்கள் நால்வரையும் பாராட்டிவிட்டுப் போனார். எங்களுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது.

தை பிறந்தது. பெண் வீட்டிலிருந்து ஆள் வந்து, இன்னொரு ஜோசியரிடம் காட்டியதில் ஜாதகம் சரியாக அமையவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஜோசியரை அம்மா ஒரு வாரம் திட்டினாள். நானும் சேர்ந்து திட்டினேன். மாமா மஞ்சள் வெட்டி முடித்து, திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கூப்பிட்டு மறு போர் போட்டார். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. அதைப் பார்க்க எந்தப் பெண் வீட்டாரும் வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு வரனும் கூடவில்லை.

எனக்கு இருபத்தைந்து வயசானபோது கெங்கவல்லிப் பக்கமிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தது. அப்பாவும் மாமாவும் போய்க் காடு பார்த்துவிட்டு வந்தார்கள். செருப்பைக் கழற்றும் முன்னாலேயே அம்மா தண்ணி எப்படி என்றுதான் கேட்டாள். போர் வற்றிக் கிடக்கிறது என்றார் அப்பா. தண்ணியில்லாத காட்டுக்குப் பெண்ணைக் கொடுப்பதா என்றாள் அம்மா. தரகரிடம் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிடலாம் என்று முடிவானது. மாமா மாட்டுக்குத் தீவனம் போட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். காபித் தம்ளர்களோடு நின்ற எனக்கு, அம்மாவும் நானும் ஒரு வாரம் திட்டிய அந்த ஜோசியர் ஞாபகம் வந்தது. அன்று சாயங்காலம் அம்மாவைக் கேட்டேன். அந்தக் கண்ணாடிப் பெரியவர், மாமாவுக்குப் பார்த்திருந்த பெண்ணின் பெரியப்பா. மாமா அவர்களிடமும் நாலு மணி நேரம் என்றுதான் சொல்லியிருந்தார். மாமாவுக்கு எல்லாம் தெரியும். புள்ள மனசு ஒடஞ்சுரும், அதுகிட்டச் சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

பெண் வீட்டுக்கு உண்மை தெரிய வேண்டியதுதானே என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்திருக்கிறேன். நியாயம்தான். ஆனால் நான் உண்மைக்காக அதைச் செய்யவில்லை. பூபதி என்னைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது என்று செய்தேன். ரஹ்மத் சொன்னதைக் கேட்டிருந்தால் உண்மையும் சார்ட்டில் இருந்திருக்கும், மாமாவுக்கு ஒரு குடும்பமும் இருந்திருக்கலாம். ஒரு மறு போர் போடுகிற வரைக்கும்தான் அவர் அவகாசம் கேட்டார்.

கண்காட்சி முடிந்த அன்று மாமாதான் என்னை டி.வி.எஸ். வண்டியில் வீட்டுக்குக் கூட்டி வந்தார். பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தேன். சார்ட்டை விட்டு நகரவே இல்லையே, அவ்வளவு பிடித்துவிட்டதா என்று கேட்டேன். ஆமாம் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வருஷக் கண்காட்சிக்கும் கண்டிப்பாக வரவேண்டும் என்றேன்.

"வாரேன் சாமி" என்றார் மாமா.