பிய்யாத்து நோற்ற நோன்பு

திரூரில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் யாரும் என் வாயை அடக்கியதில்லை. என் கணவரின் அக்கா பிய்யாத்துவுக்கு முன்னால் மட்டும் அது தானாக அடங்கிவிடும்.

அவளுடைய இன்னொரு தம்பி அலவிக்காவுக்கு இளவயதிலேயே மனம் பிசகிவிட்டது. சோற்றில் யாரோ விஷம் வைக்கிறார்கள் என்பார். பிய்யாத்து அவர் தட்டிலிருந்து ஓர் உருண்டை எடுத்து முதலில் விழுங்க வேண்டும். "வாயத் தொற" என்பார். அவள் நாக்கைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் அவர் கை தட்டுக்குப் போகும். ஒருமுறை நான் தின்று காட்டினேன். தட்டு முற்றத்தில் போய் விழுந்தது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பிய்யாத்து பந்திக்கு நிற்காமல் ஓடி வந்துவிடுவாள்.

ரமலானில்தான் பெரும்பாடு. நோயாளிக்கு நோன்பு கடமையில்லை, அவள் கதி? "விட்டதைப் பின்னால நோத்துக்கம்மா" என்றார் பள்ளிவாசல் உஸ்தாத். பின்னால் ஏது? வருஷம் முழுக்க மதியம் வருகிறதே!

ஆனாலும் தினமும் விடியுமுன் சஹர் உணவுக்கு எழுந்து, இன்று நோற்பேன் என்று நிய்யத் வைப்பாள். மதியம் அந்த ஓர் உருண்டையில் நோன்பு முறிந்துவிடும். அதற்குப் பிறகும் மாலை பாங்கு வரை தண்ணீரைத் தொடமாட்டாள்.

"அதான் முறிஞ்சிடுச்சே இத்தாத்தா, மீதியையும் தின்னாத்தான் என்ன?" என்பேன்.

"பசிச்சா பசிச்சிட்டுப் போகட்டும்டி. மவுத்தாகிக் கண்ண மூடறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு முழுசா நோத்துடணும். வேற ஒண்ணும் கேக்கல."

ஒரு ரமலானில் பக்கத்து வீட்டு நபீசு வேலியோரம் நின்று, "பிய்யாத்து, மதியச் சோறு ஆச்சா? சொர்க்கத்துல உனக்குத் தனி அடுக்களை கட்டறாங்களாம்" என்று சிரித்தாள்.

"உன் நாக்குக்கு எப்போடி நோம்பு?" என்று நான் பாய்ந்தேன். பிய்யாத்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். ஜன்னலில் அலவிக்கா நின்றிருந்தார்.

மறுநாள் மதியம் அவள் சோறும் மத்திக் குழம்பும் கொண்டுபோய் உருண்டை பிடித்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம். எனக்கு நோம்பு."

"உனக்குக் கடமையில்லடா அலவி. சாப்பிடு."

"நான் தின்னா நீ தின்னணும். அதனால எனக்கு நோம்பு."

பிய்யாத்துவின் கையிலிருந்த உருண்டை உதிர்ந்தது. சாயங்காலம் வரை அவர் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தார். உதடு வெடித்தது. எந்த நேரத்திலும் கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடுவார் என்று நாங்கள் கதவை மறித்து உட்கார்ந்திருந்தோம். "போதும்டா, தண்ணியாவது குடி" என்று அவளே கெஞ்சினாள். அவர் கேட்கவில்லை.

மாலை பாங்கு ஒலித்தது. ஒரு பேரீச்சம்பழத்தை அவரிடம் நீட்டினாள்.

"நீ முதல்ல" என்றார்.

அவள் பாதியைக் கடித்து விழுங்கினாள்.

"வாயத் தொற."

கண்ணீர் வழிய வழியத் திறந்து காட்டினாள். நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, மீதிப் பாதியை அவர் வாங்கித் தின்றார்.