ஆறு மணி மிஸ்டு கால்

இரண்டாவது ரிங் போனதும் ஸ்டெல்லா துண்டித்தாள். போன் அவளுடையது அல்ல, கணவன் எட்வினுடையது. மணி ஆறு. அரை நிமிடத்தில் திரை ஒளிர்ந்து அணைந்தது. அந்தப் பக்கத்திலிருந்து பதிலுக்கு ஒரு மிஸ்டு கால் வந்துவிட்டது. சத்தத்தை அவள் நேற்றே நிறுத்தி வைத்திருந்தாள். போனை அலமாரியில் பைபிளின் மேல் பழைய இடத்திலேயே வைத்தாள்.

உள்ளறையில் எட்வின் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தூங்கவில்லை. முதுகைப் பார்த்தாலே அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாகப் பார்த்த முதுகு.

அவன் லாலாகூடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். பதினேழு வருடம் குடித்தான். கடைசியில் குடித்ததைவிட மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸ் வீட்டில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தது அதிகம். மனநல மருத்துவமனையில் இருபத்தெட்டு நாள் வைத்திருந்தார்கள். இவருக்கு இரண்டு நோய் என்றார் டாக்டர். குடி நின்றாலும் மனச்சோர்வு வந்து வந்து போகும். மாத்திரை, குடியை விட்டவர்களின் வாராந்தரக் கூட்டம், கூடவே ஒரு ஆள். மூன்றும் வருடக்கணக்கில் வேண்டும் என்றார்.

கூட ஒரு ஆள் என்றதும் ஸ்டெல்லா நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டாள். ஆனால் அந்த ஆள் ஜகதீசன் ஆனார்.

போலாரத்தில் இருந்தார். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். குடியை விட்டுப் பதினான்கு வருடம். சனிக்கிழமைக் கூட்டத்தில் எட்வினுக்கு அறிமுகமானவர். ஏற்பாடு அவருடையதுதான். தினமும் காலை ஆறு மணிக்கு எட்வின் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். நேற்று குடிக்கவில்லை, இன்று எழுந்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம். ஆறே காலுக்குள் வரவில்லை என்றால் ஜகதீசன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

"மெசேஜ் வேண்டாம்பா. அதை முந்தின நாளே தட்டி வெச்சுடலாம். நான் வெச்சிருக்கேன்" என்றார் முதல் நாள்.

ஒன்றே முக்கால் வருடம் ஒரு நாள் தவறவில்லை. கண் விழித்ததும் எட்வினின் கை போனுக்குப் போகும். அதன் பிறகுதான் அவள் பக்கம் திரும்புவான்.

துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டு பானு கேட்டாள்: "என்னக்கா, ஜகதீசன் சார்கிட்ட கேட்டுட்டுத்தான் உங்ககிட்ட காபி கேக்குறாராமே?"

"போடி."

"பொம்பளையா இருந்தா முடிய புடிச்சி நாலு அறை விட்டு முடிச்சிருக்கலாம். ஆம்பளையாப் போச்சு. என்ன பண்ணுவீங்க பாவம்."

ஸ்டெல்லா சிரித்தாள். கிளிப்பைத் துணியோடு சேர்த்துத் தன் விரலிலும் மாட்டிக்கொண்டாள்.

அவன் வாந்தியைக் கழுவியவள் அவள். பட்டறை வாசலில் நின்று, காய்ச்சல் என்று லீவு லெட்டர் கொடுத்தவள் அவள். பிறகு செக்கப்புக்குப் போனபோது மருத்துவமனைப் படிவத்தில், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற இடத்தில் எட்வின், ஜகதீசனின் எண்ணை எழுதியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளும் அவள்தான். ஒரு முறை இருவருக்கும் டீ கொண்டுபோனபோது, செத்துப்போன அப்பாவின் இருமல் தனக்கு இன்னும் கேட்கிறது என்று எட்வின் சொல்லிக்கொண்டிருந்தான். அவளிடம் அதைச் சொன்னதில்லை. அவள் டீயை வைத்துவிட்டு வந்தாள். அன்று ஜகதீசனின் டம்ளரில் மட்டும் சர்க்கரை போட்டிருக்கவில்லை.

நேற்று முன்தினம் மாலையிலிருந்து எட்வின் எழுந்திருக்கவில்லை. நேற்று ஆறு மணிக்கும் அவன் கை போனுக்குப் போகவில்லை. ஆறே கால் ஆனால் ஸ்கூட்டர் வந்துவிடும். அவர் உள்ளே போவார். கதவு சாத்தப்படும். இந்த முறை நானே தூக்கி நிறுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். ஆறு எட்டுக்குப் போனை எடுத்தாள்.

பள்ளிக்கூடத்தில் அவள் ஆயா. மூன்று நாள் லீவு சொன்னாள். கஞ்சி வைத்து ஊட்டினாள். மாத்திரையைக் கையில் வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். மறுக்காமல் வாய் திறந்தான். முகம் துடைத்துவிட்டாள். அவன் பேசவில்லை. யாரிடமும் பேசவில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது.

மூன்றாம் நாளும் மிஸ்டு கால் கொடுத்தாள். இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது எட்வின் குளித்துவிட்டு, வெளியே போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான்.

"நல்லா இருக்கா இப்போ?"

"ஹவ்" என்று தலையாட்டினான்.

"இட்லி ஆயிடும். உக்காருங்க."

"நக்கோ, வேணாம். வெளிய போறேன்."

"எங்க?"

செருப்பைத் தேடினான். அவள் ஏதோ சந்தேகத்தில் உள்ளே போய்த் தலையணையைத் தூக்கினாள். அவள் கொடுத்த மூன்று மாத்திரைகள், ஓரம் கரைந்து உறையில் ஒட்டிக்கொண்டிருந்தன.

திரும்பி வந்தபோது அவன் வாசற்படியில் நின்றிருந்தான்.

"சாரும் விட்டுட்டாரு" என்றான்.

"என்ன?"

"மூணு நாளா நான் ரிங் குடுக்கல. வரல அவரு. வருவாரு வருவாருன்னு பாத்தேன்."

"ஒடம்பு முடியலன்னா போன்ல சொல்றதுதானே. எதுக்கு சும்மா கெடந்தீங்க?"

"சொல்ல முடியாதப்பதான் ரிங் குடுக்காம இருக்கணும். அதுக்குத்தான் அது." அவளைப் பார்க்காமல் சொன்னான். "பரவால்ல. அவருக்கும் எத்தன பேரு."

செருப்பு மாட்டிக்கொண்டான். மதுக்கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. அவன் பாதை மதுக்கடைக்குத்தானா, தண்டவாளத்துக்கா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நான் குடுத்தேன்" என்றாள்.

"என்னது?"

"ரிங்கு. மூணு நாளும் நான்தான் குடுத்தேன்."

எட்வின் அவளைப் பார்த்தான். கோபம் வரவில்லை. நம்பாத மாதிரிப் பார்த்தான். பிறகு படியிலேயே உட்கார்ந்தான். ஸ்டெல்லா அவன் போனை எடுத்து அதே எண்ணை அழுத்தினாள். ஒரு ரிங். இரண்டு. துண்டிக்கவில்லை.

நாற்பது நிமிடத்தில் ஜகதீசன் வந்தார். ஹெல்மெட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. எட்வினின் குரல் கேட்டது. முதலில் சொற்கள், பிறகு அழுகை, பிறகு மறுபடியும் சொற்கள். மூன்று நாள் அவளிடம் சேர்த்து வைத்த மௌனம் முழுவதும் அங்கே கொட்டியது. ஹெல்மெட்டுக்குள் அவருடைய எண்ணெய் வாசனை அடித்தது. அதை மடியிலேயே வைத்திருந்தாள். தரையில் போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

அவர் வெளியே வந்து தண்ணீர் கேட்டார்.

"ரெண்டு ரிங் வந்ததும்மா. அவன் எப்பவும் ஒண்ணுலயே கட் பண்ணுவான். சரி, பையன் உற்சாகமா இருக்கான்னு நெனச்சேன். என் தப்புதான்."

"நான்தான் சார்..."

"தெரியும். என்னைக் கூட்டத்துக்குக் கூட்டிண்டு போனவரோட செருப்பை என் ஆம்படையா கல்பகம் சாக்கடையில போட்டுட்டா. ரெண்டு தடவை. மனுஷன் வெறுங்காலோட ஆட்டோ புடிச்சுப் போனார்." தண்ணீரைக் குடித்தார். "வீட்டுக்காரங்களுக்குன்னு தனியா ஒரு கூட்டம் இருக்கு, ஞாயித்துக்கிழமை. அவ இன்னும் போயிண்டிருக்கா. உங்க நம்பரை அவகிட்ட குடுக்கட்டுமா?"

"எனக்கென்ன சார், நான் என்ன குடிச்சேனா?"

"அவளும் இதேதான் சொன்னா."

அவள் ஹெல்மெட்டை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. ஆறு மணிக்கு எட்வின் படுத்தபடியே மிஸ்டு கால் கொடுத்தான். ஒரு ரிங். பதில் வந்தது. ஸ்டெல்லா பாலை அடுப்பில் வைத்தாள். ஆறு பத்துக்கு அவளுடைய போனில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு ரிங் வந்து நின்றது. பார்த்தாள். திருப்பிக் கொடுக்கவில்லை. ஒன்பது மணிக்கு இருவரும் பஸ் ஏறி மருத்துவமனைக்குப் போனார்கள். ஜகதீசன் அங்கே வந்திருந்தார். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார், பதினைந்து நாளில் வரச் சொன்னார். திரும்பும்போது எட்வின் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து வந்தான். மதியம் ரசம் சோறு சாப்பிட்டான். மாத்திரை போட்டுக்கொண்டதும், அவள் கேட்காமலே, வாயைத் திறந்து காட்டினான். மாலை மழை வந்தது. துணியை எடுத்து மடித்து வைத்தாள்.